அளக்கிற கை வேறு, விற்கிற கை வேறு

ஏசி சர்வீஸ், எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்புக்கு மேலே மாட்டுகிற சிம்னி. இதுதான் என் பிழைப்பு. அக்கம்பக்கத்தில் சிலர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அளந்து சொல்வது, தேவையில்லாமல் வாங்குவதைக் குறைப்பது, இருக்கிற பொருளைப் பழுது பார்த்து ஓட்டுவது, இதை வைத்தே உள்ளூரில் நாலு பேருக்கு உருப்படியான தொழில் அமைப்பது என்று திட்டம். என்னைக் கூப்பிட்டது சுற்றுச்சூழல் ஆர்வலன் என்பதற்காக அல்ல. ஏணியும் டிரில்லிங் மெஷினும் என்னிடம் இருந்தன. போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

முதல் கூட்டத்திலேயே, கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா ஒரு விதியைச் சொன்னார். அளக்கப் போகிறவர் அந்த வீட்டில் எதையும் விற்கக் கூடாது; எந்தக் கடையையும் கைகாட்டவும் கூடாது. பலருக்கு அது அதிகப்படியாகப் பட்டது. "நல்ல பொருள் எதுன்னு சொன்னா என்ன தப்பு?" என்று கேட்டார்கள். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. காரணம், நான் அந்தப் பக்கத்து ஆள். 'இலவசச் செக்கப்' என்று உள்ளே போன எந்த மெக்கானிக்காவது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறீர்களா? இலவசமாகப் பார்ப்பதற்கான கூலி, கண்டுபிடிக்கப்படும் கோளாறில் இருந்துதான் வந்தாக வேண்டும். அதனால் கோளாறு எப்படியும் கண்டுபிடிக்கப்படும்.

'ஆரோக்கியமான வீடு' என்ற பெயரில் இன்று கடைக்கு வருகிற சரக்கைப் பார்த்தால் இந்த விதியின் அருமை இன்னும் புரியும். பச்சை இலை படம், 'இயற்கை', 'நச்சற்றது', 'பூமிக்கு நல்லது' என்று எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் போலிருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2020-ல் இப்படிப்பட்ட வாசகங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 53 சதவீதம் தெளிவில்லாதவை, திசைதிருப்புபவை, அல்லது ஆதாரமற்றவை என்று தெரிந்தது. 40 சதவீதத்துக்கு ஒரு சான்றும் கிடையாது. கட்டுப்பாடு கடுமையாக இருக்கும் இடத்திலேயே நிலைமை இது.

எங்கள் முதல் கருவி கார்பன் டை ஆக்சைடு மீட்டர். அதை வாங்குவதற்குள் ஒரு பஞ்சாயத்து. மலிவான மீட்டர்களில் பல, கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றில் இருக்கும் வேறு வாயுக்களை உணர்ந்து, அதை வைத்து ஒரு உத்தேசக் கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும். பக்கத்தில் சென்ட் அடித்தால் எண் எகிறும். அகச்சிவப்புக் கதிரால் அளக்கிற வகைதான் வேண்டும். பெட்டியில் 'என்டிஐஆர்' என்று போட்டிருக்கும். வந்ததும் திறந்த வெளியில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். 420, 450 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) பக்கத்தில் வந்து நின்றால் கருவி சரி. நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகுமுன் இதைச் செய்கிறோம், வீட்டுக்காரர் கண்ணெதிரிலேயே. அப்போதுதான் உள்ளே காட்டும் எண்ணை அவர் நம்புவார்.

இந்த அளவையின் வயது அதிகம். மூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்பவர் 1858-ல் சொன்னது: அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம்மைத் தாண்டினால், மனிதர்கள் விட்ட மூச்சு போதிய அளவு வெளியேறவில்லை என்று அர்த்தம். அந்த அளவில் வாயு விஷமல்ல. அது ஒரு அடையாளம். அது தேங்குகிறது என்றால் கூடவே வியர்வை வாடை, ஈரம், கிருமி, பெயிண்டிலிருந்தும் பலகையிலிருந்தும் கசிகிற ஆவி எல்லாமே தேங்குகின்றன.

ஒரு வயதான தம்பதி வீட்டில் மீட்டரை ராத்திரி முழுக்க வைத்தோம். அந்த அம்மாவுக்குக் காலையில் எழுந்தால் தலை பாரம். படுக்கையறையில் ஏசி உண்டு, அதோடு ஒரு பெரிய காற்றுச் சுத்திகரிப்பானும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது. "தம்பி, இவ்வளவு பெரிய மெஷின் ஓடுது. காத்து சுத்தமாத்தானே இருக்கணும்?" என்றார் ஐயா.

படுக்கப் போகும்போது 700. விடியற்காலையில் 2600-க்கு மேல். சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், வாயு அதில் புகுந்து வெளியே வந்துவிடும். ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் மாட்டுகிற ஸ்பிலிட் ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் குழாயில் போவது காற்றல்ல, குளிரூட்டும் வாயு. இத்தனை வருஷமாக இதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ராத்திரி அறைக்கதவை ஒரு சாண் திறந்து வைத்து, கூடத்து ஜன்னலையும் லேசாகத் திறந்து வைக்கச் சொன்னோம். காலையில் 1100. அந்த அம்மாவின் தலை பாரம் இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் பார்க்க வேண்டியது. ஆனால் அன்றைக்கு எங்கள் குழு செய்த மொத்த விற்பனை பூஜ்யம். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மடித்த அட்டை. அதே அறைக்கு ஒரு வியாபாரி வந்திருந்தால் இன்னொரு மெஷின் ஏறியிருக்கும். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவரிடம் இருப்பது மெஷின்தான் என்பதால்.

இதை வைத்துக்கொண்டு 'ஜன்னலைத் திற, எல்லாம் தீரும்' என்று கிளம்பிவிடவும் முடியாது. வாகனப் புகை மூக்கைத் துளைக்கிற சாலையோரத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், நுண்துகள் ஏறும். பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம். சாலையோர வீட்டில் அது கனவு. அங்கே சுத்திகரிப்பானுக்கு வேலை இருக்கிறது. போக்குவரத்து அடங்கிய நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். எந்த வீட்டுக்கு எது என்று அளக்காமல் சொல்வது வெறும் வாய்ப்பந்தல்.

பசுமை வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்று உண்டு. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது குளிர்நாடுகளில் கட்டடங்களை இறுக்கி அடைத்தார்கள். சூடு வீணாகக் கூடாது என்பது நியாயமான எண்ணம். அமெரிக்காவின் காற்றோட்டத் தரவிதிகளை எழுதும் ஆஷ்ரே சங்கம் 1981-ல் புகைபிடிக்காத அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்ற அளவுக்கு இறங்கியது. கண் எரிச்சல், தலைவலி, மந்தம் என்று உள்ளே வேலை பார்த்தவர்கள் புகார் சொல்லத் தொடங்கி, 'நோயுற்ற கட்டடம்' என்று அதற்கு ஒரு பெயரே வந்தது. 1989-ல் அலுவலகத்துக்கான அதே அளவை 20 கன அடியாக ஏற்றினார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கணக்கை மட்டும் பார்த்தால் மூச்சுக் கணக்கு இப்படித்தான் விட்டுப்போகும். எங்கள் குழுவில் மின் கட்டணத்தைக் குறைக்கும் யோசனை யார் கொண்டுவந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, 'அப்போ காத்து எந்த வழியா வரும்?'

இனி என் சொந்தப் பேட்டை. எக்ஸாஸ்ட் ஃபேன்.

சத்தம் வந்தால் ஃபேன் வேலை செய்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, ஃபேன் ஓடும்போது அதன் கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் அது வெறும் சத்தப்பெட்டி. விழுந்ததா? இப்போது கதவைத் திறந்துவிட்டு மறுபடி வையுங்கள். இந்தத் தடவை ஒட்டிக்கொண்டால் ஃபேனில் குற்றமில்லை. அறைக்குள் காற்று வர வழியில்லை. வெளியே தள்ளப்படுகிற அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளியலறைக் கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும். கதவைத் திறந்தும் ஒட்டவில்லை என்றால் ஏணியைப் போட்டு ஏற வேண்டும். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும். இல்லையென்றால் வெளிப்பக்க ஷட்டர் பெயிண்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டு திறக்காமல் கிடக்கும். இல்லையென்றால் குழாய். வளையும் குழாயை நீட்டி இழுத்து மாட்டாமல், மிச்சத்தை அப்படியே சுருட்டிக் கூரைக்குள் திணித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொரு வளைவும் காற்றைத் தின்னும்.

சிம்னியிலும் இதே கதை. வெளியே குழாய் போகாமல் கரி வடிகட்டியோடு காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிற வகை, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும். நீராவியை விட்டுவிடும். கேஸ் எரியும்போது வருகிற நைட்ரஜன் டை ஆக்சைடும் பெரும்பாலும் தப்பிவிடும். குழாய் வெளியே போகிற வகையாக இருந்தால் பின்வரிசை பர்னரில் சமையுங்கள், புகை அதிகம் பிடிபடும். முன்வரிசையில் எழும் புகையில் நிறைய சிம்னிக்கு வெளியே நழுவி உங்கள் முகத்துக்கு வந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால், மேலே சொன்ன எந்த ஃபேன் வேலையையும் நீங்களாகச் செய்யாதீர்கள். காற்று வரும் வழியில்லாத அறையில் ஃபேன் உறிஞ்சும்போது, கீசரின் புகைக்குழாய் வழியாக வெளியேற வேண்டிய வாயு திரும்ப உள்ளே இழுக்கப்படலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்த கீசர் அறைக்கு வெளியே போக வேண்டும், அலாரம் ஒன்று மாட்ட வேண்டும். எங்கள் குழு 'வாங்குங்கள்' என்று எழுதிக் கொடுக்கும் மிகச் சில பொருள்களில் அந்த அலாரம் ஒன்று. எந்தக் கம்பெனி என்று மட்டும் எழுத மாட்டோம்.

அளக்கப் போகும் வீடுகளில் என்னைச் சங்கடப்படுத்துவது பூஞ்சை. காரணம் பூஞ்சை அல்ல, வெட்கம். ஒரு வீட்டில் நாங்கள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது அந்த அக்கா ஒரு பீரோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பேசிக்கொண்டே நிற்கிறார், நகரவில்லை. சுவரை ஒட்டி இருந்த பீரோவை நகர்த்தினால் பின்னால் இடுப்புயரத்துக்குக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. "நான் வாரா வாரம் துடைக்கிறேன்ணே" என்றார், நாங்கள் ஒன்றும் கேட்காமலேயே. பூஞ்சை வந்தால் வீட்டுப் பெண்ணுக்குத் துப்புரவு போதவில்லை என்று நினைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அது ஈரத்தின் வேலை. துடைப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு மெஷின் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் முன்பக்கம் வியர்த்திருந்தது, சுவரைத் தொட்ட பின்பக்கம் உலர்ந்திருந்தது. அதாவது சுவருக்குள் கசிவு இல்லை. அறைக்குள் இருக்கும் நீராவிதான் அந்தச் சுவரில் படிந்துகொண்டிருந்தது. அறைக்குள் துணி உலர்த்துகிறார்கள், குளியலறை ஃபேன் டிஷ்யூவைப் பிடிக்கவில்லை, பீரோவுக்குப் பின்னால் காற்றே போகவில்லை. ஃபேனைக் கழுவி, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன மீட்டரை வைத்துவிட்டு வந்தோம். பின்பக்கம் நனைந்திருந்தால் கதை வேறு: பிளம்பர் வர வேண்டும். முன்பு அந்த வீட்டுக்கு வந்துபோன ஒருவர் 'பூஞ்சை எதிர்ப்பு பெயிண்ட்' அடித்துக் கொடுத்திருந்தார். ஈரம் அப்படியே இருக்க, மேலே பெயிண்ட். அது எத்தனை நாள் தாங்கும்?

வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லும் பட்டியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்: 1989-ல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் அந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். செடி அழகு, வளருங்கள். ஓசோன் விடும் சுத்திகரிப்பான்: ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது. போதாததற்கு, எலுமிச்சை வாசம் போட்ட துப்புரவுத் திரவத்தின் ஆவியோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயுவை உண்டாக்கும். 'லோ விஓசி' பெயிண்ட், அதாவது ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனம் குறைவான பெயிண்ட்: நல்லதுதான், ஆனால் டப்பாவில் போட்டிருப்பது ஒரு லிட்டரில் எவ்வளவு என்ற கணக்கு. கடையில் கலக்கும் நிறத்தில் கூடுதலாக ஏறலாம், அதைக் கேளுங்கள். துகள்பலகை அலமாரி: புதிதில்தான் ஃபார்மால்டிஹைடு அதிகம் வரும், சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் கூடும். அதைப் பச்சைக் குழந்தை படுக்கும் அறைக்குள் சுடச்சுடக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பழைய அலமாரி இருந்தால் அதுவே மேல்.

இவ்வளவையும் வேண்டாம் என்றால் தொழில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள், குரலை உயர்த்தியே.

பொருளில் இல்லை, வேலையில் இருக்கிறது. ஃபேன் கழுவுவது, குழாய் திருத்துவது, கதவடி அறுப்பது, வடிகட்டி மாற்றுவது, கசிவு அடைப்பது. ஒவ்வொன்றும் சின்ன வேலை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் திரும்ப வரும் வேலை. குழுவில் பயிற்சி எடுத்த இளைஞர்கள் சிலர் இதை முழுநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். வேலைக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, இரண்டும் பில்லில் இருக்க வேண்டும். பின்னால் எடுக்கும் அளவை வேலை செய்தவர் எடுக்கக் கூடாது. நானும் இதற்கு உட்பட்டவன்தான். என் வேலையை இன்னொருவர் வந்து டிஷ்யூ வைத்துப் பார்க்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அளக்கப் போகிறவர்கள் சில வீடுகளுக்கு 'வேலை எதுவும் தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், என் வருமானம் அந்த வரியிலேயே போகிறது. வியாபாரம் மெதுவாகத்தான் வளர்கிறது. வேகமாக வளரும் என்று ஆசை காட்டி யாரையும் இதற்குள் இழுக்காதீர்கள்.

துப்புரவுத் திரவம் தயாரித்து, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சில பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். நல்ல யோசனை. ஆனால் முதல் லேபிளில் 'பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது' என்று பெருமையாகப் போட வேண்டும் என்றார்கள். தண்ணீர் சேர்ந்த எந்தத் திரவத்திலும் பதப்பொருள் இல்லையென்றால் பாக்டீரியா வளரும். தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று கிருமியைப் பூசிக்கொண்டிருப்போம். வேதியியல் தெரிந்த ஒரு ஆசிரியை உட்கார வைத்துப் புரிய வைத்தார். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பாட்டிலில் அடைப்பதையும் அவர்தான் நிறுத்தினார். நுரை அடங்கியதும் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். இப்போது அவர்களிடம் கறாரான விதிகள் இருக்கின்றன. பாட்டில் கழுவி முழுக்கக் காய்ந்திருந்தால்தான் நிரப்புவார்கள். தேதி எழுதுவார்கள். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ யார் கெஞ்சினாலும் ஊற்ற மாட்டார்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பிளீச்சோடு அமிலக் கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எச்சரிக்கை இருக்கிறது. 'இயற்கை' என்ற வார்த்தை எதிலும் இல்லை. விற்பனை அதனால் குறைந்த மாதிரி தெரியவில்லை.

தொழிலுக்கு நோக்கம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு அட்டைப் பெட்டி. 2020-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும், வடிகட்டி தயாரிக்கும் நிறுவனம் நடத்திவந்த ஜிம் ரோசந்தாலும் சேர்ந்து ஒரு வடிவத்தைக் கொடுத்தார்கள். நான்கு பக்கமும் மெர்வ் 13 தர (நுண்துகளையும் பிடிக்கிற தரம்) வடிகட்டி, அடியில் அட்டை, மேலே ஒரு சதுர ஃபேன், சுற்றிலும் டேப். காற்றுச் சுத்திகரிப்பான் தயார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பல பல்கலைக்கழகங்கள் அளந்து பார்த்தன, கடையில் வாங்கும் மெஷின்களுக்குச் சமமாக வேலை செய்தது. வடிகட்டி விற்கிறவர்தான் அதில் ஒருவர் என்பதை மறைக்கவில்லை. யார் வடிகட்டியை வேண்டுமானாலும் போடலாம், அளந்தும் பார்க்கலாம் என்று திறந்து வைத்தார்கள். எங்கள் பையன்கள் சாலையோர வீடுகளுக்கு இதைச் செய்து கொடுத்து, வடிகட்டி கறுத்ததும் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-ல் 28 பேர் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடை. மாவில் சுண்ணாம்பு கலப்பது சகஜமாக இருந்த காலம். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, மிஞ்சும் லாபம் அவரவர் வாங்கிய அளவுக்குத் திரும்ப அவரவருக்கே என்று வைத்தார்கள். வாங்குகிறவரே முதலாளி என்றால் அவரை ஏமாற்றி யாருக்கு லாபம்? எங்கள் குழுவின் மீட்டர்களும் அப்படித்தான், அளந்துகொள்கிறவர்கள் கொடுக்கும் சந்தாவில் வாங்கியவை. ஒரு பெயிண்ட் விற்பனையாளர், அறிக்கைத் தாளில் தன் பெயரைப் போட்டால் புது மீட்டர்கள் வாங்கித் தருவதாகச் சொன்னார். கூட்டம் ராத்திரி வரை இழுத்தது. "நாளைக்கு அவர் பெயிண்டையே நாம அளக்க வேண்டி வந்தா?" என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்று முடிவானது. இரண்டு பேர் அதில் கோபித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் வரவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மீட்டர் பற்றாமல் காத்திருக்கிறவர்கள் நிறைய.

எங்களால் இன்னும் சரியாகக் கையாள முடியாதது வாடகை வீடு. குடியிருப்பவர் சுவரைத் துளைக்க முடியாது, குழாயை மாற்ற முடியாது. பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் சுரண்டக்கூட முடியாது, சுரண்டவும் கூடாது. உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி பறந்து, தரையில் தவழும் குழந்தையின் கையில் போய் ஒட்டும். புது பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு பரிந்துரைக்கிறது, பழைய சுவர்களுக்கு அந்த வரம்பு தெரியாது. உரிகிற இடத்தை ஈரத்துணியால் துடைத்து, கட்டிலை அங்கிருந்து நகர்த்தி, வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசுவதுதான் வழி.

சொந்தக்காரரிடம் உடல்நலம் பேசினால் காது கேட்காது. சுவர் பேசினால் கேட்கும். "ஈரம் இப்படியே இறங்கினா பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும்" என்று அளவைக் காட்டினால் பலர் பிளம்பரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு வீட்டில், நாங்கள் கொடுத்த தாளைப் பார்த்த சொந்தக்காரர் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அறிக்கையில் வீட்டு எண் போடுவதை நிறுத்திவிட்டோம். குழுவில் நகல் வைப்பதில்லை. தாள் குடியிருப்பவர் கையில் மட்டும் போகும். அதை யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். பேசத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம்.